நிலம், நம்பிக்கை, கான்கிரீட்: அட்லாண்டிக் சிட்டியின் ஓட்டல் குடும்பங்கள்

கேள்வி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கரையை ஒட்டி அப்சீக்கன் என்றொரு மணல் தீவு உண்டு. 1854இல் அங்கே உருவான அட்லாண்டிக் சிட்டி, அடுத்த 50 ஆண்டுகளில் அந்நாட்டின் பெயர்பெற்ற கடற்கரை உல்லாச ஊர்களில் ஒன்றாயிற்று. அங்கிருந்த பெரிய ஓட்டல்களில் ஒன்று மார்ல்பரோ-பிளென்ஹைம். பத்திரிகைகளில் அது வெளியிட்ட விளம்பரங்கள் அறைகளையும் கடற்காற்றையும் மட்டும் சொல்லவில்லை. உரிமையாளர்களே நேரடியாக நடத்தும் ஓட்டல் இது என்ற செய்தியும், ஜோசையா ஒயிட் அன்ட் சன்ஸ் கம்பெனி என்ற பெயரும் அவற்றில் இடம்பெற்றன. தங்க வருகிறவர் ஒரு நிறுவனத்திடம் போகவில்லை, ஒரு குடும்பத்தின் பொறுப்பில் வந்து இறங்குகிறார் என்பதே அதன் உட்பொருள்.

அந்த ஊரைப் பற்றிய பொது நினைவிலும் இந்தச் செய்தி ஆழமாகப் பதிந்திருக்கிறது. குடும்பங்கள் கட்டின, குடும்பங்கள் காத்தன. அவை விலகியதும் சூதாட்ட நிறுவனங்கள் வந்து இடித்துத் தள்ளின என்று அது கதையை முடிக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஓட்டல் தொழிலில் குடும்பம் உண்மையில் என்ன செய்தது? மூலதனம், நிலம், உழைப்பு ஆகிய மூன்றில் எது அதனுடையது, எது பிறருடையது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

சான்றுகளின் சாய்வு

ஊரின் தொடக்க வரலாற்றுக்கு நாம் பெரிதும் நம்பியிருப்பவை உள்ளூரில் எழுதப்பட்ட நூல்கள். 1900இல் ஜான் ஹால் வெளியிட்ட வரலாறு ஒரு நாளிதழின் பெயரைத் தாங்கி வந்தது. ஆல்ஃபிரட் ஹெஸ்டன் நகராட்சியின் கணக்கு அதிகாரி. பயணிகளை ஈர்ப்பதற்காகக் கையேடுகளும் எழுதியவர். இவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. ஊர் வளர வேண்டும் என்ற விருப்பத்தோடு எழுதினார்கள். ஊரின் வளர்ச்சியை முக்கியப் பிரமுகர்களின் வாழ்க்கை வழியாகவே கண்டார்கள். சமையற்கட்டில் நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை வேறு வேறு பக்கங்களிலிருந்து திருத்தினர். சார்லஸ் ஃபனல் 1975இல் எழுதிய நூல், மேட்டுக்குடியின் ஊராகத் தன்னைக் காட்டிக்கொண்ட அட்லாண்டிக் சிட்டி பெரும்பாலும் கீழ்நடுத்தர வர்க்கத்தின் ஆசைகளால் வாழ்ந்தது என்று வாதிட்டது. பிரையன்ட் சைமன் 2004இல், அங்கே விற்கப்பட்டது மேலே ஏறிவிட்டோம் என்ற கற்பனை, அந்தக் கற்பனை கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்ததன்மேல் நின்றது என்றார். நெல்சன் ஜான்சன் ரயில்பாதை, நில வணிகம், அரசியல் தரகர்கள் ஆகியவற்றை முன்னிறுத்தினார். கறுப்பின மக்கள் வாழ்ந்த நார்த்சைடு பகுதிக்கென 2010இல் தனி நூலே எழுதினார். இவர்களில் யாரும் ஓட்டல் குடும்பத்தைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளூர் வரலாறு அதை நாயகனாக்கியது. விமர்சன வரலாறு அதைப் பின்னணியாக்கியது. இரண்டுக்கும் நடுவில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு கைம்பெண்ணின் உரிமம்

தீவில் நிலையாகக் குடியேறிய முதல் வெள்ளையர் ஜெரமையா லீட்ஸ் என்பது வழக்கமான கூற்று. 1838இல் அவர் இறந்தார். அவருடைய மனைவி மில்லிசென்ட் லீட்ஸ் சத்திரம் நடத்த உரிமம் பெற்று, வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கடல் குளியலுக்கும் வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தார். மில்லி அத்தையின் விடுதி என்று அறியப்பட்ட அதுவே தீவின் முதல் தங்குமிடம். ஓட்டல் தொழில் இங்கே ஒரு கைம்பெண்ணின் பிழைப்பாகத் தொடங்கியது என்பதை, பின்னாளில் எழுந்த 'அன்ட் சன்ஸ்' என்ற பெயர்ப்பலகையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

1850களின் தொடக்கத்தில் தீவில் இருந்த ஒரு கை விரல்களைச் சற்றே மிஞ்சிய வீடுகள் கிட்டத்தட்ட அனைத்தும் லீட்ஸ் வழியினருடையவை. அப்சீக்கன் ஊர் மருத்துவர் ஜோனதன் பிட்னி கடற்காற்று நோய் தீர்க்கும் என்று நம்பியவர். அவரும் கண்ணாடி, இரும்புத் தொழில் முதலாளிகளும் சேர்ந்து, பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையான கேம்டனிலிருந்து ரயில்பாதை போட்டனர். அதற்கு முன்பே அவர்களின் நிலக் கம்பெனி தீவின் நிலங்களை வாங்கத் தொடங்கியிருந்தது. ஏக்கருக்கு 17.50 டாலர் என்று உள்ளூர் வரலாறுகள் சொல்கின்றன. முதல் ரயில் 1854 ஜூலை 1 அன்று வந்தது. தீவுக்குப் பாலம் முடியாததால் விருந்தினர்களைப் படகில் ஏற்றிக் கடத்தினார்கள். அவர்களுக்கு விருந்து நடந்த யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஓட்டல் அப்போது முழுதாகக் கட்டி முடிந்திருக்கவில்லை.

முதலில் குடும்பம், பிறகு கம்பெனி என்ற வரிசை இங்கேயே உடைகிறது. மில்லி அத்தையின் விடுதி ரயிலுக்கு முன்பே இருந்தது உண்மை. ஆனால் உல்லாச ஊர் என்ற ஒன்று தோன்றிய நாளிலேயே கம்பெனியின் ஓட்டலும் நின்றது. லீட்ஸ் குடும்பம் பெற்ற பெரும்பயனும் விருந்தோம்பலிலிருந்து வந்ததல்ல. நிலத்தை விற்றதாலும், புதிய நகராட்சியில் பதவி பெற்றதாலும் வந்தது. முதல் மேயர் சாக்லி லீட்ஸ்; முதல் அஞ்சலக அதிகாரியும் அதே குடும்பத்தவர்.

பலகைப் பாதையும் குவேக்கர் வீடுகளும்

1870இல் ஜேக்கப் கீம் என்ற ஓட்டல்காரரும் அலெக்சாண்டர் போர்டுமன் என்ற ரயில் நடத்துநரும் நகராட்சியிடம் ஒரு மனு கொடுத்தனர். கடற்கரையில் நடந்து வருகிறவர்களின் காலோடு ஒட்டிவரும் மணல் ரயில் பெட்டிகளையும் ஓட்டல் கம்பளங்களையும் பாழாக்குகிறது. மணல்மேல் பலகை போட்டுத் தாருங்கள் என்பதே கோரிக்கை. 8 அடி அகலத்தில், குளிர்காலத்தில் கழற்றி எடுத்து வைக்கும்படி போடப்பட்ட பாதைதான் போர்டுவாக். துப்புரவுக்காகக் கேட்ட இந்தப் பாதை ஊரின் நில மதிப்பையே இடம் மாற்றியது. அதுவரை அலைகளுக்கு அஞ்சி உள்ளே தள்ளியிருந்த விடுதிகள் கடலை நோக்கி வரத் தொடங்கின. மரக் கட்டடங்களை அப்படியே பெயர்த்து நகர்த்தியதும் உண்டு. சால்ஃபான்ட் அப்படி நகர்ந்த ஒன்று.

சால்ஃபான்ட், ஹேடன் ஹால் போன்றவை 1860களின் இறுதியில் குவேக்கர் கிறித்தவர்கள் நடத்திய சிறு விடுதிகளாகப் பிறந்தவை. பிலடெல்பியா நகரமே குவேக்கர்களின் கோட்டை. எளிமை, நேர்மை, குடியிலிருந்து விலகிய ஒழுக்கம் என்று பெயரெடுத்த இவர்களின் விடுதிக்கு, அதே சமூகத்தினர் மனைவி மக்களோடு அச்சமின்றி வந்தனர். அடுத்த கோடையிலும் அதே வீட்டுக்கே வந்தனர். கடன் கொடுத்தவர், மரம் கொடுத்தவர், பெண் கொடுத்தவர் எல்லாம் ஒரே வழிபாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் காலத்தில் ஓட்டல் என்பது தீப்பிடிக்கும் மரக்கட்டடம், மூன்று மாத வருமானம், ஒன்பது மாதச் செலவு. வங்கி தயங்கும் இத்தகைய தொழிலில் சமூக நம்பிக்கையே முதலீடாக நின்றது. குடும்பம் என்று நாம் சொல்வது இங்கே இரத்த உறவைவிட அகலமான ஒரு வலை.

பல விடுதிகளைப் பெண்களே நடத்தினர். பின்னாளில் வானளாவி நின்ற டிரேமோர் ஓட்டலும் 1879இல் ஹூப்ஸ் என்ற பெண்மணி நடத்திய 10 அறை மரவீடுதான். வீடு ஓட்டலாகி, ஓட்டல் கம்பெனியாகும்போது உரிமைப் பத்திரத்தில் ஆண்களின் பெயர்கள் ஏறின. பெண்களின் தொழிலறிவு பெயரில்லாமல் உள்ளே கரைந்தது.

ஒயிட் குடும்பமும் ஆர்.சி.சி. கட்டடமும்

குவேக்கரான மூன்றாம் ஜோசையா ஒயிட் 1900இல் ஓஹையோ அவென்யூவுக்கும் பார்க் பிளேசுக்கும் இடையே போர்டுவாக்கை ஒட்டிய நிலத்தை வாங்கினார். அங்கே 1902இல் மார்ல்பரோ ஓட்டல் எழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் போர்டுவாக் அருகே மூண்ட தீயில் ஒரு டசன் ஓட்டல்கள் சாம்பலாயின. மார்ல்பரோ நல்ல வருமானம் தரவே, பக்கத்திலேயே பிளென்ஹைம் என்ற இரண்டாவது கட்டடத்தைக் கட்ட ஒயிட் முடிவு செய்தார். வடிவமைத்தவர் பிலடெல்பியாவின் வில்லியம் பிரைஸ்.

மரம் வேண்டாம் என்பது தீ கற்பித்த பாடம். உருக்குச் சட்டம் உரிய நேரத்தில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. மிஞ்சியது இன்று நம் தெருவுக்குத் தெரு நடக்கும் வேலை: கம்பி கட்டி, பலகை அடைத்து, கான்கிரீட் ஊற்றுவது. 1906இல் அது இவ்வளவு சாதாரணமல்ல. பிளென்ஹைம் திறக்கப்பட்டபோது உலகின் மிகப்பெரிய ஆர்.சி.சி. கட்டடம் என்று பேசப்பட்டது. கிரேக்க, ரோமானியத் தூண்களை விட்டுவிட்டு, ஸ்பானிய, மூரியச் சாயலில் பெரிய குவிமாடமும் உயர்ந்த புகைபோக்கிகளும் கொண்டு அது நின்றது. அறைக்கு அறை குளியலறை, குழாயைத் திறந்தால் நன்னீரோடு கடல் நீரும் வரும் வசதி ஆகியவை அக்காலத்தில் பெரிய கவர்ச்சிகள்.

கட்டடக்கலை வரலாற்றாளர் ஜார்ஜ் தாமஸ், பிரைசை நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவராக நிறுத்துகிறார். பிலடெல்பியாவின் பொறியியல் பண்பாட்டை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதே. அதோடு உரிமை முறையையும் சேர்க்க வேண்டும் என்பேன். கான்கிரீட் என்பது பேரனுக்காகக் கட்டுவது. ஐந்தாண்டில் லாபத்தை எடுத்துக்கொண்டு விலக நினைக்கும் முதலாளிக்கு அவ்வளவு கனமான கட்டடம் தேவையில்லை. குடும்ப உரிமை உண்மையாகவே கொடுத்த ஒன்று இந்த நீண்ட கணக்கு. அதைப் புகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. கட்டடத்தின் பொருளே சான்று சொல்கிறது.

பார்க் பிளேசின் விலை

பிரைசின் வாழ்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலத்தின் மதிப்பு சமூகத்தால் உயர்வது. ஆகவே நில வாடகையைச் சமூகமே வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஹென்றி ஜார்ஜின் கொள்கையை அவர் ஏற்றவர். அந்தக் கொள்கைப்படி வாழ 1900இல் டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்ற சிற்றூரை நிறுவிய இருவரில் ஒருவர். அதே கொள்கையாளரான லிஸ்ஸி மேகி, நில உடைமை எப்படி ஒருவரைச் செல்வராக்கிப் பிறரை ஓட்டாண்டியாக்குகிறது என்று விளக்க ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். ஆர்டனில் அது விளையாடப்பட்டது. கை மாறிக் கை மாறி, 1930ஐ ஒட்டி அட்லாண்டிக் சிட்டிக் குவேக்கர்களின் வீடுகளுக்கு வந்தது. அவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களை அதில் எழுதினார்கள். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வேறொருவரின் படைப்பாக வெளியிட்ட மோனபொலி விளையாட்டு இதன் வழித்தோன்றல்தான். பம்பாயையும் மதராசையும் விலைக்கு வாங்கி நம் பிள்ளைகள் விளையாடிய 'பிசினஸ்' பலகையும் அந்த மரபில் வந்ததே. மோனபொலியில் மிக உயர்ந்த விலையுள்ள இரு இடங்கள் போர்டுவாக்கும் பார்க் பிளேசும்: ஒயிட் குடும்பத்தின் நிலத்துக்கு எல்லையாக இருந்தவை.

இதை வெறும் சுவையான தகவலாக நான் சொல்லவில்லை. ரயில், பலகைப் பாதை, நகராட்சியின் செலவு, ஆண்டுதோறும் வந்து இறங்கிய மக்கள் கூட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்து உயர்த்திய மதிப்பு, கடலை நோக்கி நின்ற சில குடும்பங்களின் கையில் தங்கியது. 1870இல் 1,043 பேர் வாழ்ந்த ஊரில் 1900இல் 27,838 பேரும் 1930இல் 66,198 பேரும் வாழ்ந்தனர். ஓட்டல் குடும்பத்தின் திறமையை அளக்கும்போது இந்த நில உயர்வைக் கழித்துவிட்டே அளக்க வேண்டும். விளையாட்டை மேசைமேல் விரித்து அமர்ந்த அந்தக் குவேக்கர்கள் தெருக்களுக்கு விலை எழுதியபோது, இந்தக் கணக்கை யாரையும்விட நன்றாக அறிந்திருந்தார்கள்.

பின்வாசல்

ஓட்டலை நடத்துவது என்றால் என்ன? படுக்கை விரிப்பது, துணி வெளுப்பது, சமைப்பது, பரிமாறுவது, பெட்டி தூக்குவது, உருளும் நாற்காலியில் விருந்தினரை உட்கார்த்திப் பலகைப் பாதையில் தள்ளிச் செல்வது. இவற்றைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேரிலாந்து, வர்ஜீனியா, கரோலினா பகுதிகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டல் தொழிலாளர்களில் நூற்றுக்குத் 95 பேர் அவர்களே என்று ஜான்சன் மதிப்பிடுகிறார். 1910இல் நகரில் நிலையாக வாழ்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர்.

'உரிமையாளரே நடத்துவது' என்ற விளம்பரத்தை இந்த எண்ணிக்கையோடு சேர்த்துப் படித்தால், குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி கூர்மையாகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலில் இருந்தது முதலாளிகள் மட்டுமல்ல. தாய் துணி வெளுக்க, மகன் பரிமாற, மகள் அறை துடைக்க, ஒரு பருவத்தின் கூலியில் ஓர் ஆண்டை ஓட்டிய குடும்பங்களும் ஓட்டல் குடும்பங்கள்தான். அவர்கள் ரயில் தண்டவாளத்துக்கு வடக்கே, நார்த்சைடில், ஓட்டல்கள் கண்ணில் படாத தொலைவில் வாழ்ந்தனர். தாங்கள் உழைத்த பெரிய ஓட்டல்களில் அறை எடுக்க முடியாது. முன்பு ஓட்டல்களுக்கு எதிரேயே கடலில் குளித்தவர்களை, வெள்ளை விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஓட்டல் உரிமையாளர்கள் நெருக்கி, மிசௌரி அவென்யூக் கடற்கரைக்கு ஒதுக்கினர். சிக்கன் போன் பீச் என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது. யூதர்களுக்கும் பல ஓட்டல்களின் கதவு மூடியிருந்தது. அவர்கள் தங்களுக்கென ஓட்டல்களை நடத்திக்கொண்டனர்.

குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராக முதலில் குரல் கொடுத்த கிறித்தவர்களில் அடங்குவர். அந்த மரபில் வந்தவர்கள் செல்வாக்கோடிருந்த ஊரில் இந்தப் பிரிவினை நின்றதை, காலத்தின் வழக்கம் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சைமன் சொல்வதுபோல விற்கப்பட்ட கனவே இந்த ஒதுக்கலைக் கேட்டது என்றால், கனவை விற்றவர்கள் பொறுப்பிலிருந்து விலக முடியாது. அவர்கள் தனி மனிதர்களாக எவ்வளவு கனிவானவர்கள் என்பது இதை மாற்றாது.

நார்த்சைடிலும் விடுதிகள் இருந்தன. கறுப்பினப் பயணிகளையும் பருவத் தொழிலாளர்களையும் தங்கவைத்தவை பெரும்பாலும் அங்கிருந்த வீடுகளே. அழகுப் பொருள் தொழிலில் பெயர் பெற்ற சாரா ஸ்பென்சர் வாஷிங்டன் போன்ற பெண்கள் அப்பகுதியில் தொழில் நிறுவனங்களை எழுப்பினர். மில்லி அத்தையின் விடுதிக்கு உண்மையான வாரிசை நான் இந்த வீடுகளில்தான் காண்கிறேன்: சொந்த வீடு, சொந்த உழைப்பு, மேசைக்கு வந்தவருக்குச் சோறு.

விற்பனையும் இடிப்பும்

இரண்டாம் உலகப் போரில் ராணுவம் ஓட்டல்களைப் பயிற்சிக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகு காரும் விமானமும் குளிர்சாதனமும் வந்தன. பிலடெல்பியாக்காரர் ஃபுளோரிடாவுக்குப் பறக்கலாம். வீட்டிலேயே குளுகுளுவென்று படுக்கலாம். 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வந்த பத்திரிகையாளர்கள் ஊரின் தேய்வை நாடு முழுவதும் எழுதினர். 1970இல் மக்கள்தொகை 47,859. 1972இல் டிரேமோர் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது அந்த ஊரில் சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதியே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1976 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்துச் சூதாட்டத்தை அனுமதித்தனர். 1977 மார்ச்சில் ஒயிட் குடும்பம் மார்ல்பரோ-பிளென்ஹைமை விற்றது. வாங்கியவர்களில் ஒருவரான கலைப்பொருள் வணிகர் ரீஸ் பாலி, பிளென்ஹைமையாவது காக்க எண்ணினார். சில மாதங்களில் அது சூதாட்ட இயந்திரங்கள் செய்யும் பாலி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. கலை வணிகரின் பெயரோடு ஒலி ஒத்திருந்தாலும் இது வேறு. கட்டடம் 1978இல் தகர்க்கப்பட்டது. குவிமாட முன்பகுதியை மட்டும் பிரித்துக் காக்க நடந்த முயற்சியும் தோற்று, 1979 தொடக்கத்தில் அதுவும் வீழ்ந்தது.

குடும்பம் நீடித்திருந்தால் கட்டடம் பிழைத்திருக்குமா? அருகிலிருந்தவற்றோடு ஒப்பிட்டால் அப்படிச் சொல்ல இடமில்லை. ஹேடன் ஹால் 1978 மே மாதம் ரிசார்ட்ஸ் என்ற முதல் சூதாட்ட ஓட்டலாகத் திறந்தது. கம்பெனியின் கையில்தான் பிழைத்தது. பிளென்ஹைமுக்குப் பக்கத்திலிருந்த டென்னிஸ் ஓட்டலை அதே பாலி நிறுவனம் தன் வளாகத்தோடு சேர்த்துக்கொண்டது, அது இடிபடவில்லை. தீர்மானித்தவற்றுள் முக்கியமானது 1977இன் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது என் கருத்து. சூதாட்ட உரிமம் வேண்டுமானால் குறைந்தது 500 அறைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 325 சதுர அடி என்று அது விதித்தது. பழைய ஓட்டல்களின் அறைகள் சிறியவை. சுவர்களைத் திருத்துவதைவிட மொத்தமாக இடித்துக் கட்டுவது பல இடங்களில் மலிவாயிற்று. கான்கிரீட் கட்டடத்தில் சுவரைப் பெயர்ப்பது இன்னும் கடினம். பேரனுக்காகக் கட்டிய உறுதியே மாற்றத்துக்கு இடம் தராத உறுதியுமாயிற்று.

விற்ற குடும்பத்துக்கு நிலத்தின் விலை கிடைத்தது. பார்க் பிளேசின் மதிப்பு கடைசிவரை அவர்களிடமே இருந்தது. வடக்கே, தண்டவாளத்துக்கு அப்பால் விடுதி வீடு நடத்தியவர்களிடம் அத்தகைய நிலம் இல்லை. 1960களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஊரின் பழைய குடியிருப்புகள் அழிக்கப்பட்டபோதும், பிறகு சூதாட்ட முதலீட்டாளர்கள் நிலம் தேடியபோதும், வாடகைக்கு இருந்தவர்களும் சிறு வீட்டுக்காரர்களும் முதலில் வெளியேறினர். ஓட்டல் குடும்பங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மார்ல்பரோவின் விருந்தினர் பதிவேட்டோடு நின்றுவிடாமல் நார்த்சைடின் வீட்டுவரிப் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கேட்டில் 'வாடகைக்குத் தங்கியவர்' என்று குறிக்கப்பட்ட பெயர்களையும் வரிசையாகப் படிக்க வேண்டும். எந்த வீட்டுப் பெண் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.